கோடையில் கொலராடோ மலைகளுக்குப் பறந்து வரவிருக்கும் தமிழ் மாணவ விமானிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஃபுளோரிடாவிலும் டெக்சஸிலும் கலிபோர்னியக் கடற்கரையிலும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் விமானி உரிமம் கைக்கு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் முழுப் பொறுப்பில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். அந்த மணிக்கணக்கைச் சேர்ப்பதற்காக இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செஸ்னா என்ற சிறிய விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நெடும்பயணம் கிளம்புகிறீர்கள். அப்படிக் கிளம்பியவர்களில் சிலர் கோடைதோறும் நான் கற்பிக்கும் டென்வர் பக்கம் வந்து இறங்குகிறார்கள். தமிழ்க் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து பேசுகிறார்கள். பேச்சு சீக்கிரமே லெட்வில்லுக்குப் போய்விடுகிறது.

லெட்வில் ஏன் ஈர்க்கிறது என்பது புரிகிறது. கடல் மட்டத்திலிருந்து 9,934 அடி உயரம். வட அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள விமான நிலையங்களில் அதுவே மிக உயரமானது. அங்கே இறங்கிய விமானிக்கு ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள். சுற்றிலும் பதினான்காயிரம் அடிச் சிகரங்கள். இருபது வயதில் அந்த ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே, வராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கடலோரத்தில் உங்கள் கையும் கண்ணும் காதும் கற்றுக்கொண்ட பழக்கத்தை நம்பி வராதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன். இங்கே ஒரு விமானம் புறப்படலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது ஓட்டும் திறமையல்ல, எஞ்சினைக் கிளப்பும் முன் தாளில் போடும் கணக்கு. அந்தக் கணக்கு கூடாது என்று சொல்லும்போது, உங்களைத் தடுக்க அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

சட்டமும் தடுக்காது. வால்சக்கர விமானம் ஓட்டப் பயிற்றுநரின் கையொப்பம் வேண்டும். 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் அதற்கும் ஒரு கையொப்பம் வேண்டும். உயரப் பறத்தலுக்கென்று ஒரு கையொப்பம் இருக்கிறது. ஆனால் அது 25,000 அடிக்கு மேல் போகக்கூடிய, உள்ளே காற்றழுத்தம் காக்கும் விமானங்களுக்கானது. ஜூலை மாதப் பிற்பகலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, லெட்வில்லிலிருந்து ஒரு செஸ்னா 172 கிளப்ப எந்தக் கையொப்பமும் தேவையில்லை. உங்கள் பையில் இருக்கும் உரிமம் போதும். இது எனக்கு ஆறாத வருத்தம்.

டென்சிட்டி ஆல்டிடியூட் என்ற அடர்த்தி உயரத்தை, அதாவது காற்று மெலிந்திருப்பதால் விமானம் எந்த உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும் என்று சொல்லும் எண்ணை, நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். எழுத்துத் தேர்வில் அதற்கு இரண்டு மூன்று கேள்விகள் வந்திருக்கும். சரியாகவே விடை எழுதியிருப்பீர்கள். கடலோரத்தில் அதற்குமேல் அது உங்கள் வாழ்க்கையில் குறுக்கிட்டதில்லை. இப்போது லெட்வில்லுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திட்ட வளிமண்டலம் என்று கணக்குக்காக வைத்திருக்கும் அளவின்படி கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 பாகை குறையும். எனவே லெட்வில்லின் உயரத்துக்கு இருக்க வேண்டிய வெப்பம் மைனஸ் 5 பாகை. கோடைப் பிற்பகலில் அங்கே 22 பாகை இருப்பது சாதாரணம். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு 22 பாகை குளிர்ச்சியாகத் தோன்றும். சட்டைக்கு மேல் ஒன்றை மாட்டிக்கொண்டு, என்ன அருமையான வானிலை என்பார்கள். விமானத்துக்கோ அது 27 பாகை கூடுதல் வெப்பம். ஒரு பாகைக்கு 120 அடி வீதம் 3,240 அடி. அதை நிலையத்தின் உயரத்தோடு கூட்டினால், காற்றழுத்தம் இயல்பாக உள்ள நாளில் அடர்த்தி உயரம் 13,170 அடி.

உங்களில் பலர் ஓட்டும் 172எஸ் விமானத்தின் உச்ச வரம்பு 14,000 அடி. முழு எடையில் நிமிடத்துக்கு 100 அடிதான் ஏற முடியும் என்ற நிலை வரும் உயரம் அது. ஓடுபாதையில் சக்கரம் நிற்கும்போதே விமானம் அந்த வரம்புக்கு 800 அடி அருகில் போய்விட்டது. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறிய அதே விமானம் இங்கே 150 அடிகூட ஏறாது. அதுவும் புதிய எஞ்சின், தேர்ந்த விமானி, அசையாத காற்று என்ற கணக்கில். மலையை ஒட்டிப் பிற்பகலில் கீழிறங்கும் காற்று நிமிடத்துக்கு 500 அடி இழுப்பது இங்கே செய்தியே அல்ல. கழித்தல் கணக்கை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் மட்டும்தான் சோர்ந்துபோகிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். 180 குதிரைத்திறன் லெட்வில் பிற்பகலில் 110க்குச் சற்று மேலே வந்து நிற்கும். ஆனால் ப்ரொப்பெல்லருக்கும் அதே மெலிந்த காற்றுதான், இறக்கைக்கும் அதே காற்றுதான். டர்போ வைத்த விமானத்தில் வருகிறேன், எனக்குக் கவலையில்லை என்று ஒரு மாணவர் சொன்னார். டர்போ எஞ்சினுக்கு மட்டுமே மூச்சு கொடுக்கும். இறக்கை அதே தூக்குவிசைக்கு இன்னும் வேகமாகத்தான் ஓடியாக வேண்டும்.

கையேட்டில் புறப்பாட்டுத் தூரத்துக்கான அட்டவணையைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? 172எஸ் கையேட்டில் அது கடல் மட்டத்தில் தொடங்கி 8,000 அடியில் முடிந்துவிடுகிறது. லெட்வில் அந்தத் தாளிலேயே இல்லை. தயாரித்த நிறுவனமே எண் தராத இடத்தில் நீங்கள் புறப்படப் போகிறீர்கள் என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைசி வரிசையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூடும் என்று மனத்தில் ஒரு தூரத்தைப் போட்டுக்கொள்வது கணக்காகாது. அட்டவணையின் தலையில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளையும் படியுங்கள்: பிரேக்கை விடுமுன் முழு த்ராட்டில், தார் போட்ட சமதளமான உலர்ந்த ஓடுபாதை, காற்று இல்லை. பின்காற்று 2 நாட், அதாவது மணிக்கு 2 கடல் மைல், கூடினாலே தூரம் 10 சதவீதம் கூடுகிறது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. எடை 10 சதவீதம் கூடினால் தூரம் ஏறத்தாழ 21 சதவீதம் கூடும்.

எடைப் பேச்சு வந்துவிட்டது. இதில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் அதிகம். கோடையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். கடன் வாங்கிப் படிக்கவைத்த பிள்ளை ஓட்டும் விமானத்தில் ஏற வேண்டும் என்பது அவர்களின் ஆசை. மலையைக் காட்ட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. முன்னே பிள்ளையும் அப்பாவும், பின்னே அம்மாவும் தங்கையும், அவர்களுக்குப் பின்னே பெட்டிகள். டாங்க் நிறைய எரிபொருள், வழியில் தீர்ந்துவிடக் கூடாதே என்று. இப்போது எண்களைப் பாருங்கள். 172எஸ் தாங்கும் மொத்த எடை 2,550 பவுண்டு. பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 காலன், 318 பவுண்டு. முழு டாங்க் போட்டபின் ஆட்களுக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது பொதுவாக 240 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். விமானத்துக்கு விமானம் மாறும், உங்கள் விமானத்தின் எடைத் தாளைப் பாருங்கள். ஆளுக்கு 70 கிலோ என்றாலும் நான்கு பேர் 280 கிலோ. பெட்டியை வைக்கும் முன்பே, கடற்கரையிலேயே அந்த விமானம் புறப்படக் கூடாது.

மலைப் பயிற்றுநர்கள் பரவலாகச் சொல்லும் அளவு, மொத்த எடையில் 90 சதவீதத்தைத் தாண்டாதே என்பது. அதன்படி மேலும் 115 கிலோ குறைய வேண்டும். அதாவது அம்மாவும் தங்கையும் டென்வரிலேயே இருந்துவிட வேண்டும், அல்லது கார் பிடித்து வர வேண்டும். இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் எடை என்ன என்று கேட்பதே நமக்குக் கூச்சம். நீங்கள் வர வேண்டாம் என்பது அதைவிடக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத் தாண்டுகிறவரையே நான் விமானி என்பேன். எடை பார்க்கும் கருவியில் எல்லோரையும் ஏற்றி இறக்குங்கள். பெட்டியையும் ஏற்றுங்கள். குத்துமதிப்பு வேண்டாம்.

பழக்கம் எப்படிப் பொய் சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்ததால் மட்டும் யாரும் உணர்வதில்லை.

முதலில் கை. கடலோரத்தில் புறப்படும்போதும் இறங்கும்போதும் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று உங்கள் கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் குமிழ்; முழுக்கத் தள்ளினால் மிக்ஸ்சர் முழு ரிச், எரிபொருள் மிகுந்த கலவை. லெட்வில்லில் அப்படிச் செய்தால் எஞ்சின் தடுமாறும், திணறும். இருக்கும் கொஞ்சத் திறனையும் எரிபொருளே மூழ்கடித்துவிடும். 3,000 அடிக்கு மேற்பட்ட நிலையங்களில் புறப்படும் முன் மிக்ஸ்சரைச் சரிசெய்யக் கையேடே சொல்கிறது. ஓடுபாதை முனையில் பிரேக்கை அழுத்திக்கொண்டு த்ராட்டிலை முழுக்கத் தள்ளுங்கள். பிறகு சிவப்புக் குமிழை மெதுவாகத் திருகி வெளியே எடுங்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் நகர்வதைப் பாருங்கள்: ஏறும், இன்னும் கொஞ்சம் ஏறும், ஒரு கட்டத்தில் நின்று கீழே சரியத் தொடங்கும். அந்த உச்சத்துக்குத் திரும்புங்கள். எஞ்சினின் ஓசை தெளிந்து சீராவது காதுக்கே கேட்கும். நான் அழைத்துப்போகும் மாணவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் முதன்முறை என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இறங்கும்போதும் அந்தக் குமிழ் அந்த இடத்திலேயே இருக்கட்டும். தரையிறக்கம் சரிவராமல் மறுபடி மேலே போக வேண்டிய கணத்தில், பழக்கதோஷத்தில் அதை முழுக்கத் தள்ளுகிற கை உங்கள் எஞ்சினை நீங்களே அணைப்பதற்குச் சமம்.

அடுத்தது கண். 172எஸ் தரையைவிட்டு எழ அட்டவணை சொல்லும் வேகம் 51 நாட். லெட்வில் பிற்பகலிலும் வேகமானியில் அதே 51 நாட்தான் காட்டும்; ஆனால் மெலிந்த காற்றில் வேகமானி குறைத்தே காட்டுவதால், விமானம் உண்மையில் 62 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் புல்லும் விளக்குகளும் பறப்பதைப் பார்த்து, போதுமான வேகம் வந்துவிட்டது என்று கண் சொல்லும். கண்ணை நம்பி முன்கூட்டியே மூக்கைத் தூக்கினால் விமானம் எழக்கூடச் செய்யும். தரைக்கு மிக அருகில் இறக்கையின் இழுவை குறைவு என்பதால் பத்திருபது அடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும். அதற்குமேல் ஏறாது. அப்போது முதுகும் வயிறும் இன்னும் இழு என்று சொல்லும். இழுத்தால் ஸ்டால், இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். இறங்கும்போதும் இதே கதை தலைகீழாக நடக்கும்: தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுவீர்கள். வேகமானியைப் பாருங்கள், தரையை அல்ல. திரும்புவதற்கு வேண்டிய இடமும் கூடிவிடுகிறது. அதே சாய்வில், அதே காட்டப்பட்ட வேகத்தில், வட்டத்தின் ஆரம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டு, வேண்டாம், திரும்பிவிடலாம் என்று யோசிப்பவர்களுக்காகக் காத்திருக்கும் எண் இதுதான்.

2012 ஜூன் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் புரூஸ் மெடோஸ் என்ற மலை ஓடுதளத்திலிருந்து ஒரு ஸ்டின்சன் 108 விமானம் நான்கு பேருடன் புறப்பட்டது. தளத்தின் உயரம் 6,370 அடி. அன்றைய அடர்த்தி உயரம் 9,000 அடிக்கு மேல். விமானத்துக்குள்ளிருந்தே எடுத்த காணொளி இருக்கிறது. நீண்ட ஓட்டம், ஒருவழியாக எழுதல், பிறகு மரங்களின் தலைக்குச் சற்று மேலேயே போய்க்கொண்டிருத்தல், கடைசியில் மரங்களுக்குள் விழுதல். நால்வரும் உயிர் பிழைத்தார்கள். அந்தக் காணொளியை ஒருமுறை பாருங்கள் என்று என் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். எஞ்சின் நிற்கவில்லை. எதுவும் உடையவில்லை. விமானம் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டே கீழே போகிறது.

இன்னொன்று பழையது. 1996 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே கடலோரத்திலிருந்து கிளம்பி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நாட்டைக் கடந்து பறக்கிறாள் என்று அமெரிக்காவே பேசிக்கொண்டிருந்தது. 6,100 அடிக்கு மேல் உள்ள வயோமிங்கின் ஷையனிலிருந்து மழைக்கும் இடிமுகிலுக்கும் நடுவே புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் ஸ்டாலாகி விழுந்தது. சிறுமியும் தந்தையும் பொறுப்பு விமானியும் இறந்துபோனார்கள். அன்று வெயில்கூட இல்லை, குளிர். விசாரணை அறிக்கை மோசமாகிக்கொண்டிருந்த வானிலையோடு இரண்டைச் சேர்த்துச் சொன்னது: விமானத்தில் அனுமதித்த எடையைவிட 96 பவுண்டு கூடுதல், அடர்த்தி உயரம் விமானிக்குப் பழகிய அளவைவிட அதிகம். அந்த விமானி பயிற்றுநரும்கூட. அனுபவம் இருந்தது, அது கடலோர அனுபவம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இது தேவைப்படாது என்று எண்ண வேண்டாம். பெங்களூரு ஏறக்குறைய 3,000 அடியில் இருக்கிறது. ஏப்ரல் மதியம் 35 பாகையில் அங்கே அடர்த்தி உயரம் 6,000 அடியைத் தாண்டும்.

சரி, எப்படி வர வேண்டும்? விடியற்காலையில் வாருங்கள். லெட்வில்லில் கோடை விடியலில் 4 பாகைவரை இறங்கியிருக்கும். அடர்த்தி உயரம் 11,000 அடி அளவில் நிற்கும். பிற்பகலோடு ஒப்பிட்டால் 2,000 அடி இலாபம், ஒரு காசு செலவில்லாமல். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்குமேல் மலைகளின் மீது இடிமுகில் எழும். அதற்கு முன் மலையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தானியங்கி வானிலை ஒலிபரப்பு அடர்த்தி உயரத்தை அடிக்கணக்கில் சொல்லும். அதைக் கேட்டு, குறித்துக்கொண்டு, உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். டென்வர் அருகே 5,885 அடியில் உள்ள சென்டெனியல் விமான நிலையத்திலேயே 33 பாகையில் 9,400 அடிக்கு மேல் சொல்லும்; மலைக்குள் நுழையும் முன்பே இது தொடங்கிவிடுகிறது.

டாங்கைப் பாதி மட்டும் நிரப்புங்கள். ஓடுபாதையின் நடுப்புள்ளியை ஒரு விளக்கையோ பக்கவழியையோ வைத்து அடையாளம் கொள்ளுங்கள். அங்கே போகும்போது எழும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால், 51 நாட்டுக்கு 36 நாட் இல்லை என்றால், த்ராட்டிலை மூடிவிடுங்கள். சீரான முடுக்கத்தில் பாதித் தூரத்தில் வர வேண்டிய வேகம் அதுதான். வரவில்லை என்றால் மிச்சப் பாதி போதாது. லெட்வில்லின் ஓடுபாதை 6,400 அடி, தாராளம். அதில் எழுந்துவிடுவீர்கள். எழுந்த பிறகு எங்கே போவது என்பதே கேள்வி, அதற்கு விடை புறப்படும் முன்பே உங்களிடம் இருக்க வேண்டும். தென்மேற்கே எல்பர்ட் சிகரம் 14,400 அடிக்கு மேல் நிற்கிறது. அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். தெற்கே ஆர்கன்சா ஆறு இறங்கிப் போகிறது. ஆற்றோடு போனால் நிலமும் உங்களோடு சேர்ந்து இறங்கும். பியூனா விஸ்டா நிலையம் 8,000 அடியை ஒட்டி இருக்கிறது. மலைமுகட்டைக் கடக்க வேண்டுமென்றால் 2,000 அடி மேலே, நேராக அல்லாமல் முகட்டுக்கு 45 பாகைக் கோணத்தில் அணுகுங்கள். அப்போதுதான் கீழிறங்கு காற்றில் சிக்கினாலும் தாழ்நிலத்துப் பக்கம் சட்டென்று விலக முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, உள்ளூர் மலைப் பயிற்றுநர் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது பறந்துவிடுங்கள். கொலராடோ விமானிகள் சங்கம் மலைப் பறத்தலுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. செலவு கூடுதல்தான், ஊரில் வீட்டை அடகு வைத்துப் படிக்கிறவர்களிடம் இன்னும் செலவு செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது. இருந்தும் சொல்கிறேன். அந்த நேரமும் உங்கள் பதிவேட்டில் ஏறும் பறப்பு நேரம்தான்.

வருவதற்கு ஒரு வாரம் முன்பே விமானத்தின் எடைத் தாளையும், ஏறப்போகிறவர்களின் எடையையும், வரும் தேதியையும் உங்களோடு பறக்கப்போகும் பயிற்றுநருக்கு அனுப்பிவிடுங்கள். கணக்கை நீங்களே போட்டு அதையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் தனியாக ஒன்று போட்டு வைத்திருப்பார். இரண்டையும் மேசைமீது வைத்துப் பேசி முடித்த பிறகு, காலை ஐந்தரை மணிக்கு விமானத்தின் மூடியைக் கழற்றலாம்.

அன்புடன்,
மலையடிவாரத்திலிருந்து ஒரு தமிழ்ப் பயிற்றுநர்